மச்சானுக்கு ஒரு கம்பளித் தொப்பி

துலாவிலிருந்து விழுந்து, கால் முறிந்து வீட்டில் கிடந்த காலத்தில்தான் நான் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டேன். நெடுநாளாக இதை அதிகம் பேருக்குச் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்களுக்கு எட்டுப் பரப்புத் தோட்டம் இருந்தது. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாறி மாறி வைப்பேன். தண்ணீர் இறைக்கும் மெசின் அப்போதுதான் ஒன்றிரண்டு தோட்டங்களுக்கு வந்திருந்தது. நாங்கள் துலாவில்தான் இறைத்தோம். கிணற்றுக்கு மேலே நீண்டு கிடக்கும் மரத்தில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் மேலே வரும் தண்ணீரை வாங்கி வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நடப்பது எப்போதும் நான்தான். ஓர் ஆவணி மாதக் காலையில், முதல் நாள் தூறலில் மரம் நனைந்திருந்ததைக் கவனிக்காமல் ஏறினேன். ஆறாவது நடையோ ஏழாவது நடையோ, கால் வழுக்கியது.

முறிவு வைத்தியர் எண்ணெய் பூசி, தப்பை வைத்துக் கட்டினார். “நாப்பத்தைஞ்சு நாளைக்குக் கால் நிலத்திலை முட்டப்படாது” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வழி கேட்கமாட்டேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். என் மனைவி பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர். விடிய எழும்பிச் சமைத்து, என்னைத் துடைத்து உடுப்பு மாற்றி, தோட்டத்துக்கு வந்த கூலியாட்களுக்கு வேலை சொல்லி, அதற்குப் பிறகு சேலை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். நான் கூரை வளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கூரையில் எத்தனை மரம், எந்த மரத்தில் எத்தனை ஆணி என்பதெல்லாம் நாலாம் நாளே பாடமாகிவிட்டது.

நான் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னர் நுவரெலியாவிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. என் மனைவியின் அண்ணன் அங்கே தபால் கந்தோரில் கிளார்க். பார்சலில் பாசிப்பச்சை நிறத்தில் நாலு பந்து கம்பளி நூலும், ஏதோ ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளும், ஒரு கடிதமும் இருந்தன. குளிரில் காது வலி தாங்க முடியவில்லை, கடைத் தொப்பிகள் காதுக்கு எட்டுவதில்லை, மார்கழிப் பனிக்கு முன் இந்தத் தாளில் உள்ளபடி ஒரு தொப்பி பின்னி அனுப்பு என்று தங்கைக்கு எழுதியிருந்தார். கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தங்கைக்குக் கந்தோர் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெண்ணும் தாயும் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டதால் அவர் வாய் திறக்கவில்லை. பெண்ணுக்குத் தம்பி இல்லாதபடியால், கலியாணத்தன்று வாசலில் என் காலைக் கழுவி உள்ளே அழைத்துப்போகும் பொறுப்பு அவருக்கு வந்தது. கழுவினார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. அன்றைக்குப் பிறகு அவரை நான் பார்த்திருக்கவில்லை.

தொப்பியை என் மனைவி தொடங்கியிருந்தாள். நாலு விரல் உயரம் வந்தபோது நான் விழுந்தேன். அதன்பிறகு ஊசி இரண்டும் நூலும் என் தலைமாட்டு மேசையில் கிடந்தன. பின்னேரத்தில் வந்து இரண்டு வரி பின்னுவாள். பால் பொங்கும், அல்லது நான் தண்ணீர் கேட்பேன். வைத்துவிட்டு எழும்பிப் போவாள்.

அவள் விரல்களைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஊசியில் வரிசையாகக் கிடக்கும் நூல் வளையங்களைக் கண் என்பாள். நூலை ஊசிக்கு மேலால் போட்டு, ஒரு கண்ணைப் பின்னாமலே அடுத்த ஊசிக்குத் தள்ளிவிடுவாள். அடுத்த கண்ணைப் பின்னுவாள். திரும்பி வரும்போது, பின்னாமல் விட்ட கண்ணையும் அதன்மேல் கிடக்கும் நூலையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவாள். ஒரு வரி வளர இரண்டு தரம் நடக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பின்னல் இரண்டு மடங்கு தடிப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரம்பும் வாய்க்காலுமாக இருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். தாளில் அதற்குப் பிரியோஷ் என்று பெயர் போட்டிருந்தது.

“அப்பிடியெண்டால் என்ன?” என்று கேட்டேன்.

“அது ஏதோ வெளிநாட்டுப் பேக்கரிப் பணிஸாம். பயிற்சிக் கல்லூரியிலை எங்கடை ரீச்சர் சொன்னவ. பணிஸ் மாதிரிப் பொம்மி நிக்குமாம்.”

ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் போனபிறகு ஊசிகளைக் கையில் எடுத்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலில் நூல் உரசி உரசிச் சிக்கியது. ஆனாலும் மத்தியானத்துக்குள் அரை விரல் உயரம் வளர்த்துவிட்டேன். பெருமையாக இருந்தது.

அவள் வந்து கை கால் கழுவிவிட்டுத் தொப்பியை எடுத்தாள். எடுத்தபடியே நின்றாள்.

“இஞ்சருங்கோ, இதை ஆர் தொட்டது?”

“நான்தான்.”

“நீங்களோ?”

“நீர் செய்யிறதைப் பாத்துக்கொண்டுதானே கிடக்கிறன்.”

கண்களை எண்ணினாள். “மூண்டு கண்ணைக் காணேல்லை.” சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தாள். நான் பின்னியது மட்டுமல்ல, அவள் பின்னியதும் சேர்ந்து சரசரவென்று கழன்று மடியில் குவிந்தது.

“ஐயோ, ஏன் எல்லாத்தையும் கழட்டினீர்?”

“பாதியிலை கை மாறினால் இறுக்கமும் மாறும். செய்யிறதெண்டால் முதலிலையிருந்து நீங்களே செய்யுங்கோ.” ஊசியில் புதிதாக எண்பது கண் ஏற்றி என் கையில் தந்தாள்.

“ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்றேன்.

“அண்ணைக்குமோ?”

“முக்கியமாய் உம்மடை அண்ணைக்கு.”

அடுத்த ஐந்து வாரமும் பின்னினேன். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன். ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரன், என்னோடு ஒன்றாகப் படித்தவன், சத்தமில்லாமல் வந்துவிட்டான். நூலை மறைத்தேன். மிச்சமாயிருந்த ஓர் ஊசி கட்டிலில் கிடந்தது.

“உதென்னடா?”

“கால் சொறியிறதுக்கு. கட்டுக்குள்ளை கடி தாங்கேலாமல் கிடக்கு.”

அவன் ஊசியை வாங்கித் தன் முதுகைச் சொறிந்து பார்த்தான். “நல்ல சாமான். எங்கை எடுத்தனி?” என்று கேட்டான். தலையணையில் சாய்ந்தபடி, அவன் போகும்வரை நான் அசையவில்லை.

உச்சியை ஒடுக்குவதுதான் பெரும் பாடு. மூன்று கண்ணை ஒன்றாக்க வேண்டும். அதுவும் வரம்பு குலையாமல். நாலு தரம் பிழைத்தது. ஐந்தாம் தரம் வந்தது. மிஞ்சிய கண்களுக்குள் நூலை ஓட்டி இழுத்தபோது உச்சி பூவைப் போலக் கூம்பியது. ஓரத்தைச் சேர்த்துத் தைத்தவள் என் மனைவி. தைத்து முடித்ததும் உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்து, என் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள். கோப்பாய் வெக்கையில் இரண்டு நிமிடத்துக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது.

“வடிவாய் இருக்கு” என்றாள். அன்று முழுக்க அந்தச் சொல் எனக்குள் இருந்தது. தொப்பியைத் தபாலில் அனுப்பினாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமையிருக்கும். தடி ஊன்றி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு மச்சான் வந்தார். கையில் சின்னப் பெட்டி, தலையில் பாசிப்பச்சைத் தொப்பி. வருவதாகக் கடிதம் எதுவும் போடவில்லை.

“தங்கச்சி எங்கை?”

“பள்ளிக்கூடம் போட்டா. மத்தியானம் வந்திடுவா. இருங்கோ.”

தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தார். என் காலைப் பற்றிக் கேட்டார். மழை எப்படி என்று கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“உம்மட்டை ஒண்டு கேக்கோணும். மறைக்காமல் சொல்லும்.”

“கேளுங்கோ.”

“என்ரை தங்கச்சி சின்னனிலையிருந்தே ஒரு தையல் பிழைக்க விடமாட்டா. பிழைச்சால் அழுதழுது கழட்டிப்போட்டுத் திரும்பச் செய்வா. இஞ்சை பாரும்.” இடது காதுக்கு மேலே வரும் இடத்தில் அவர் விரலை வைத்தார். ஒரு நூல், தன் கண்ணோடு சேராமல், தனியே வளைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. சுண்டுவிரல் நுனி போகும். “ஒவ்வொரு நாளும் இதைப் போட்டுக்கொண்டுதான் கந்தோருக்குப் போறன். ஒவ்வொரு நாளும் விரல் உதிலைதான் போய் நிக்குது. இதை அவ காணாமல் விட்டிருக்க மாட்டா. கண்டும் விட்டவ எண்டால், அவவின்ரை மனம் சரியில்லை. கடிதத்திலை ஒண்டும் எழுதுறா இல்லை. அதுதான் லீவு போட்டிட்டு வந்தனான். இஞ்சை அவவுக்கு என்ன குறை?”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டு நாற்காலியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது என்று பட்டது. பிறகு அவரைப் பார்த்தேன். ரயிலில் நித்திரையில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. விரல் இன்னும் அந்த ஓட்டையிலேயே நின்றது. ஒரு நூல் பிசகியதைக் கண்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார் மனிதர்.

“அது நான் பின்னினது” என்றேன்.

“என்ன?”

“தொப்பி. கால் முறிஞ்சு கிடக்கேக்கை நான்தான் பின்னினனான். அந்த ஓட்டையும் என்ரைதான். எனக்கே இப்பதான் தெரியும்.”

அவர் நம்பவில்லை. நொண்டி நொண்டி உள்ளே போய் ஊசியையும் மிச்ச நூலையும் எடுத்து வந்தேன். கண் ஏற்றி, அவர் முன்னால் இரண்டு வரி பின்னிக் காட்டினேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணத்தன்று கழுவிய காலை நினைத்தாரோ என்னவோ, கட்டுத் தழும்பு கிடந்த காலையும் ஒருதரம் பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“இதை எனக்காகவோ செய்தனீர்?”

“அவவுக்கு நேரமில்லை. உங்களுக்குக் காது வலி எண்டு எழுதியிருந்தியள்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி படலையைத் திறந்து வந்தபோது, இரண்டு பேரும் ஒரு தொப்பியை நடுவில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு குடையை மடக்காமலே நின்றாள்.

விசயத்தைக் கேட்டதும், “அந்த ஓட்டையை நான் அப்பவே கண்டனான்” என்றாள்.

“கண்டிட்டு ஏன் சொல்லேல்லை?” என்றேன்.

“உச்சியை நாலு தரம் கழட்டிப் பின்னினியள். அஞ்சாந்தரம் இவ்வளவு சந்தோசமாய் இருக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது?”

அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. உடுப்பு மாற்றப் போய்விட்டாள். நான்தான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன்.

ஓட்டையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று மச்சான் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தொப்பியைத் தங்கையிடம் நீட்டி, “இதை முதலிலை அடை பிள்ளை. காத்து நேரை காதுக்குள்ளை போகுது” என்றார். கொஞ்சம் மனம் சுருங்கியது. அவள் இரண்டு நிமிடத்தில் அந்த நூலை அதன் இடத்தில் சேர்த்துவிட்டாள். எங்கே பிழைத்தது என்று பிறகு தேடியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு கிழமை நின்றார். என்னால் அப்போதும் குனிய முடியவில்லை. துலாவில் ஏறப் பக்கத்துத் தோட்டக்காரன் வந்தான். தண்ணீர் மாறும் வேலையை மச்சான் எடுத்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, ஒரு பாத்தி நிறைந்ததும் வாய்க்காலை அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்துவிட வேண்டும். முதல் நாள் இரண்டு வரம்பை உடைத்தார். வெங்காயம் மிதந்தது. அவர் சேற்றில் நின்று என்னைப் பார்த்து, “இதுவும் கழட்டிப்போட்டுத் திரும்பச் செய்யிற வேலையோ?” என்று கேட்டார்.

அதன்பிறகு கடிதங்கள் எங்கள் இருவரின் பெயருக்கும் வந்தன. அடுத்த சித்திரையில் நானும் மனைவியும் முதல் தடவையாக நுவரெலியாவுக்குப் போனோம். மச்சான் என்னைத் தன் கந்தோருக்குக் கூட்டிப்போய், “தொப்பி பின்னின என்ரை மச்சான்” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அங்கே யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. குளிர் பிடித்த ஊர். தலைமைக் கிளார்க் எழும்பி வந்து தொப்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பும்போது பக்கத்து நானுஓயாவில் ரயில் ஏறினோம். மச்சான் ஜன்னலால் ஒரு கடதாசிப் பையைத் தந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் மூன்று பந்து. ரயில் நகர்ந்து கொஞ்சத் தூரம் போனதும் என் மனைவி தன் பையிலிருந்து ஊசிகளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“இஞ்சையோ?” என்றேன். முன் ஆசனத்தில் ஒரு குடும்பம் இருந்தது.

“இஞ்சைதான்” என்றாள். எண்பது கண்ணை நானே ஏற்றினேன்.