த்ரிசலாவின் கிலோமீட்டர்

வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று, இடுப்புப் பையில் ஒன்று என்று நான்கு செல்போன்களைக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறாள் த்ரிசலா. வெயில் ஏறுவதற்குள் மலையைச் சுற்றி முடித்தாக வேண்டும். எதிரே வரும் வெளியூர்க்காரர்கள் இது என்ன வேண்டுதலோ என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இளநீர் விற்கும் சந்திரம்மாள் மட்டும் ஒருநாள் நிறுத்திக் கேட்டே விட்டாள்.

“இவ்ளோ போன் வச்சிக்கினு யாராண்டமா பேசப் போற?”

“பேசறதுக்கு இல்லக்கா. எது பொய் சொல்லுதுனு பாக்கறேன்.”

“அதுக்கு எதுக்கு மலைய சுத்தற? எல்லாந்தான் சொல்லும்.”

நடப்பவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று சொல்லும் ஒரு செயலியில் த்ரிசலாவுக்கு வேலை. ஆபீஸ் பெங்களூரில், அவள் இருப்பது வேங்கிக்கால் வீட்டு மாடியறையில். பௌர்ணமிக்கு மறுநாள் அவளுக்குச் சோறு இறங்காது. அத்தனை புகார் வரும். ‘மலை சுத்தி வந்தேன், பதினாலு இருக்கணும், பதினொண்ணுதான் காட்டுது, மீதிய யாரு எடுத்துக்கினீங்க?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுத்தது தான்தான் என்பதுபோல அவருக்கு ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

தப்பு இரண்டு விதம் என்பாள். பாட்டரியை மிச்சம் பிடிக்க போன் நடுநடுவே கண்ணயர்ந்துவிடும். விழித்ததும் வழியில் இருந்த வளைவையெல்லாம் விட்டுவிட்டு நேர்கோடு இழுத்துவிடும், தூரம் குறைந்துபோகும். இன்னொன்று இதற்கு நேர்மாறு. ஆள் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், ஜி.பி.எஸ். சொல்லும் இடம் நாலடி இப்படியும் நாலடி அப்படியும் தள்ளாடிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளாட்டத்தையும் நடை என்று செயலி கூட்டிக்கொள்ளும். “கம்மியா காட்னா திட்றாங்க. ஜாஸ்தியா காட்னா ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல,” என்று சிரிப்பாள்.

கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, போன் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். சொந்தக்காரர்கள் பழகிக்கொண்டார்கள்.

அவள் அப்பா தரணேந்திரன் கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். போன வருஷம் கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, யாரோ ஒரு ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், தினமும் நடக்காவிட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணக் குடும்பம். கை கழுவியதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் போனை மகளிடம் நீட்டுவார். “பாரும்மா, ரெண்டரை.” அதைப் பார்த்தால்தான் த்ரிசலாவுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

தள்ளாட்டத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் புதிய முறையை அவள் எழுதி முடித்தபோது, வீட்டில் எல்லோருடைய பழைய நடைகளையும் அதில் போட்டுப் பார்த்தாள். அவளுடையது சரியாக வந்தது. அம்மாவுடையதும் சரி. அப்பாவின் ரெண்டரை மட்டும் அரைக் கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. தான் எழுதியதில்தான் ஓட்டை என்று இரண்டு நாள் முட்டிமோதினாள். அப்பாவைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகுதான் வரைபடத்தைத் திறந்தாள். வீட்டிலிருந்து கிளம்பிய கோடு வாய்க்கால் பாலம் வரை ஒழுங்காகப் போயிருந்தது. அங்கே சிக்கு விழுந்த நூல்போல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பிறகு அதே வழியாக வீடு. தினமும் அப்படியேதான். பாலத்தைத் தாண்டினால் கூப்பிடு தூரத்தில் அந்தப் புளியமரம். கோபம் வரும் என்று நினைத்தாள், அழுகைதான் வந்தது.

புதிய கணக்கு வெள்ளிக்கிழமை எல்லோருடைய போனுக்கும் போயாக வேண்டும். போனால் அன்றைக்கே அவருடைய ரெண்டரை உடைந்துவிடும். அவர் போனுக்கு மட்டும் போகாமல் செய்ய அவளுக்கு ஒரு நிமிஷ வேலை. கீபோர்டில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பொய்க் கணக்கில் அப்பாவின் முகம் வாடாமல் இருக்கும், அவர் நெஞ்சு கேட்காதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு முன்னால் போய்ப் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். தரணேந்திரன் வந்தார். மகளைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தெரிஞ்சிடுச்சா?”

“ம்.”

பாலத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மரத்தாண்ட போனா நெஞ்சு படபடங்குதும்மா. வலி இல்ல. பயந்தான். ஒருநாள் இங்கியே உக்காந்துட்டு வந்தேன். அதுவா ஏறியிருந்திச்சு. நீ பாத்துட்டு அவ்ளோ சந்தோசப்பட்ட. அப்புறம் எப்பிடி சொல்றது?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்பா.”

“சொல்லியிருக்கலாம்.”

த்ரிசலா எழுந்து நின்றாள். “மரம் வரைக்கும் வேணாம்ப்பா. அதுக்கு முன்னால கரண்ட் கம்பம் இருக்கில்ல, அதுவரைக்கும் போலாம். திரும்பிடலாம்.”

அவர் யோசித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அவள் வண்டிகள் போகும் பக்கமாக மாறிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் அவர் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

கம்பம் வந்தது. சொன்னபடி த்ரிசலா நின்றாள். தரணேந்திரன் மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிடித்த மணிக்கட்டை விடாமல் மெல்ல முன்னால் இழுத்தார்.