சிவப்பு விளக்கின் கீழே ஆர்வில்

எங்கள் வானொலி நிலையத்தில் ஆர்வில் ஹோக்லண்ட் ஓட்டாத குதிரை இல்லை, கொட்டாத மழை இல்லை. நாடகங்களுக்குச் சத்தம் கொடுப்பது அவன் வேலை. இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை. முட்டைக்கோஸில் கத்தியை இறக்கினால் கொலை. பன்னிரண்டு வருஷமாக நெப்ராஸ்கா மாநிலமே அவன் போட்ட சத்தத்தைக் கேட்டது. அவன் குரலை மட்டும் யாரும் கேட்டதில்லை.

நான் வெர்னா, அதே நிலையத்தில் ஆர்கன் வாத்தியம் வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆர்வில் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிடுவார்கள். அவன் மாமனார் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "மாப்ள, இந்த வாரம் எதைத் தட்டுனீங்க?" என்பார். ஆர்வில் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான். அவன் மனைவி ஹில்டா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1938 வசந்தத்தில் ஹாலிவுட்காரர்கள் வந்து இறங்கினார்கள். நாடகம் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே நடிகன் ஒருவன் விஷத் தண்ணீரைக் குடித்துச் சாய்கிற மர்மப் படம். செட் போடுகிற செலவு மிச்சம் என்று எங்கள் நிலையத்திலேயே எடுத்தார்கள். பிணத்தைப் பார்த்துக் கத்துகிற சத்தக்காரன் வேஷம் ஆர்விலுக்கு. ஒரே ஒரு வசனம்: "யாரும் நகராதீங்க! இது கொலை!"

அடேயப்பா, அவன் பண்ணிய அமர்க்களம்! ஒரு மாதம் முடிதிருத்தும் கடையில் சொன்னான், தேவாலய விருந்தில் சொன்னான், ஆணி வாங்கப் போன இடத்திலும் சொன்னான். ஊரில் அந்த வசனம் தெரியாத ஆள் கிடையாது.

"இனிமே அப்பா வாயத் திறக்கட்டும், பார்த்துக்கிறேன்," என்றாள் ஹில்டா.

படப்பிடிப்பு நாள் வந்தது. நடிகன் சாய்ந்தான். ஆர்வில் ஓடிவந்தான், வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்று டைரக்டர் எகிறினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் ஒலிபரப்பு நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார்கள். வேலைக்கு வந்த முதல் வாரம் ஆர்வில் அதன் கீழே இருமிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். அப்புறம் ஒருநாள், கதவுச் சத்தத்துக்காக வைத்திருந்த மரக்கதவே காலில் விழுந்தும் முனகக்கூட இல்லை.

"அந்த வெளக்க அணைச்சுப் பாருங்க சார், கிளி மாதிரி பேசுவான்," என்றேன்.

"வெளக்கு எரிஞ்சாதாம்மா கதையே! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கும்போதுல்ல கொலை நடக்குது?"

ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் வாய் திறந்தது, குரல் வரவில்லை. "சரி, பேயறைஞ்ச மாதிரி அப்படியே நிக்கட்டும்," என்று டைரக்டர் கையைக் கழுவினார்.

"வெர்னா, ஹில்டாகிட்ட சொல்லிடாத," என்று ஆர்வில் கெஞ்சினான். பாவி, அழுதுவிட்டான். நானும் சொல்லவில்லை.

படம் ஊருக்கு வந்த சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் மாமனார். ஆர்வில் எனக்கும் ஹில்டாவுக்கும் நடுவில் ஜுரக்காரனாட்டம் உட்கார்ந்திருந்தான். திரையில் நடிகன் சாய்ந்தான். ஆர்வில் ஓடிவந்தான், வாயைத் திறந்தான், அப்படியே நின்றான். மாமனார் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

ஹில்டா விருட்டென்று எழுந்தாள். "யாரும் நகராதீங்க!" என்று கத்தினாள்.

"இது கொலை!" என்றார் பின்னாலிருந்து முடிதிருத்துபவர். அவ்வளவுதான், மொத்தக் கொட்டகையும் சேர்ந்துகொண்டது. ஆணிக்கடைக்காரர், பாதிரியார், சோளப்பொரி விற்கிற பெண் எல்லோரும் வசனத்தை முதலிலிருந்து ஒரே குரலில் கத்தினார்கள். வேறு வழியில்லாமல் மாமனாரும் கத்தினார்.

மறுநாள் மதிய ஆட்டத்துக்கும் போனோம். அன்று எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தியது ஆர்வில்தான்.