ரோவீனாவின் விளக்குக் கம்பங்கள்

ரோவீனா கிட்சனுக்குக் குதிரைகளைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். யார்க்‌ஷயரில் எங்கள் ஊரின் மேட்டில் அவருக்கு ஒரு லாயம் இருக்கிறது. பகலெல்லாம் டவுனில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற பெண்கள் சிலர் அங்கேதான் குதிரை கட்டியிருக்கிறோம். மணல் பரப்பிய சவாரித் திடலின் நடுவில் ரப்பர் பூட்ஸோடு நின்று எங்கள் முதுகையும் முழங்காலையும் திட்டுவது அவருடைய வேலை.

"மூட்டை மாதிரி உக்காராதடி, குதிரை பாவம்!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து மேய்ச்சல் நிலத்து ஆடுகள் நிமிர்ந்து பார்க்கும்.

ஆனால் அந்த அம்மாள் குதிரைமேல் ஏறி வருஷக்கணக்காகிறது. வேலி தாண்டும்போது விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, அவர் ஏறத்தான் இல்லை. கோடையில் கேட்டால் வைக்கோல் வேலை என்பார். குளிர்காலத்துக்கு இருட்டு இருந்தது.

"உங்க குதிரைங்களுக்குச் சாணி அள்ளி நிமிந்தா நாலு மணிக்கே இருட்டிடுது. விளக்கு மட்டும் இருக்கட்டும், அப்பப் பாருங்க நான் எப்படி ஓட்டுறேன்னு!"

அந்த இருட்டால் எங்களுக்கும் லாபம்தான். வேலை விட்டு வருவோம், வானத்தைப் பார்த்து "அடடா, இருட்டிடுச்சே" என்று உச்சுக் கொட்டுவோம், சேணம் வைக்கும் அறையில் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடிப்போம். ஐஸ் மாதிரி கொட்டும் மழையில் சவாரி போக எவளுக்கு ஆசை? ஆசையில்லை என்று வாய்விட்டுச் சொன்னால், பிறகு குதிரை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவள் ஃபிலிப்பா. எங்களில் வாய் நீளமானவள். ரோவீனா வழக்கம்போலப் பெருமூச்சு விட்டபோது, "அப்ப விளக்கு போட்டுடலாமே, எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ரோவீனாவும் தலையாட்டினார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

திடலை ஒட்டிய வீட்டில் கிளைவ் ட்ரான்டர் இருக்கிறார். லண்டனில் ஓய்வு பெற்று, நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே இங்கே வந்தவர். தோட்டத்தில் பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கிறார். அனுமதி கேட்க ரோவீனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ?"

"சேச்சே, எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு எது சௌகரியமோ செய்யுங்க."

வாசல் தாண்டியதும் ரோவீனா என் கையைப் பிடித்தார். "மனுஷன் கொதிச்சுப் போயிருக்கார், பாத்தியா?"

பார்த்தேன். எங்கள் ஊரில் ஒருவர் 'ஒண்ணுமில்லீங்க' என்றால் நிறைய இருக்கிறது என்று பொருள்.

எனவே அவர் மனம் கோணாதபடி நாலு கம்பத்தையும் அவர் வீட்டு வேலியோரமே நட்டு, விளக்குகளை அந்தப் பக்கத்துக்கு முதுகு காட்டித் திருப்பினோம். முதல் சவாரி ரோவீனாதான் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. சூடாக்கிய ஒயினும் சாஸேஜ் ரோலுமாகக் கூட்டம் கூடியது. கிளைவும் வந்தார். ரோவீனா தன் பெண்குதிரை ஜூனிப்பரைத் திடலுக்குள் நடத்தி வந்தார். எதிர் வேலியில் யானை அளவுக்கு ஒரு கறுப்புக் குதிரை கூடவே நடந்தது. ஜூனிப்பர் தன் நிழலைக் கண்டு கனைத்து, நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

ஒரே பக்கம் விளக்கு வைத்தால் நிழல் அடுத்த பக்கம் நீளும். குதிரை மேதைக்கு இது தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மனசை அளப்பதிலேயே எல்லார் புத்தியும் செலவாகிவிட்டது.

"குதிரை பயப்படுது. நான் என்ன பண்ண?" என்றார் ரோவீனா. இத்தனை சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

கிளைவ் வாயில் இருந்ததை விழுங்கினார். "ரெண்டு கம்பத்த அந்தப் பக்கம் மாத்திடுங்களேன். வெளிச்சம் என் வீட்டுல விழுந்தா விழட்டும். அன்னிக்கே சொன்னேனே, எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"நெசமாவா?"

"பின்ன பொய்யா? இந்த ஊர்ல அந்த டெலஸ்கோப்ப வச்சு மேகத்தத் தவிர நான் எதப் பாத்தேன்?"

அந்த மனிதர் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். யார் எதிர்பார்த்தது?

கம்பங்களை மாற்றினோம். மறுவாரம் பார்த்தால் குதிரை மிரளும்படி நிழலே இல்லை. அன்று ஒருத்தி பாக்கியில்லாமல் வேலியோரம் வந்து நின்றோம். பாசத்தில் வந்ததாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"ஏறுங்க ரோவீனா, பட்டப்பகல் மாதிரி இருக்கே" என்றாள் ஃபிலிப்பா, தேன் ஒழுக.

ரோவீனா சேணத்திலிருந்து தொங்கிய அங்கவடியில் கால் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சேணத்தைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டது வேலிவரை தெரிந்தது. அத்தனை நல்ல வெளிச்சம். நான் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அந்த சுவிட்ச அணைடி" என்றார் என்னிடம்.

"இருட்டுல எப்படி ஓட்டுவீங்க?" ஃபிலிப்பா விடவில்லை.

"அணைன்னா அணை!"

அணைத்தேன். எதுவும் தெரியவில்லை. சேணத்தின் தோல் முனகியது. பிறகு மணலில் குளம்புகள் மெதுவாக நடக்கத் தொடங்கின. திடலின் அந்தக் கோடியிலிருந்து, கத்தாமல், ஒரு குரல் வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு."

இப்படி ஒரு பேச்சை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"எனக்கும்தான் ரோவீனா," என்றாள் ஃபிலிப்பா. "ஒவ்வொரு தடவ ஏறும்போதும்."

குதிரை நிற்காமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பியது.