ஷரீஃப் பாய் பிரித்த ஜோடி

தங்கபுஷ்பம் திருநெல்வேலிக்கு ரயிலேறப் பெட்டி கட்டிய வெள்ளிக்கிழமை காலை, மந்தைவெளி ஸ்டூடியோவில் ஷரீஃப் பாய் ஒரு மாப்பிள்ளையின் கன்னத்து அம்மைத்தழும்புகளை ஒவ்வொன்றாகத் தூர்த்துக்கொண்டிருந்தார். ஆண்டு 1974.

அவர் வேலை டச்சிங். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஊசி போலச் சீவிய பென்சில். நெகட்டிவில் அது தொட்ட இடம் படத்தில் வெளுத்துவிடும். பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை பிடிப்பதுண்டு. "ஃபோட்டோவுல கீறதுக்கு நான் ஜவாப் சொல்றேன். நேர்ல கீறதுக்கு பெத்தவங்களப் போய் கேளு" என்பார்.

கை வைக்காமல் ஒரு படத்தையும் அவர் வெளியே அனுப்பியதில்லை. ஒருமுறை போலீஸ் கொடுத்த ஜேப்படிக்காரன் படத்தில் நெற்றி வெட்டுத்தழும்பை எடுத்துவிட்டார். அவனைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் டாக்டர் பங்கஜம் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த நெகட்டிவ்களை அவர் இங்கேதான் பிரிண்ட் போடக் கொடுப்பார். பெற்றவர்களின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் குரோமோசோம்கள் அவற்றில் இருக்கும். டாக்டர் அவற்றைக் கத்தரியால் வெட்டி, ஜோடி ஜோடியாக ஒட்டி எண்ணுவார். ஷரீஃப் பாய்க்கு அவை 'டாக்டரம்மா புழு'.

"போன வாரப் படம் ரொம்பத் தெளிவு பாய். புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் சரியா நாப்பத்தாறு. அதுதான் கஷ்டமாப் போச்சு."

தி. நகர் ஜவுளிக்கடை மாணிக்கவாசகத்தின் மனைவி தங்கபுஷ்பம். இரண்டு கரு கலைந்தது; மூன்றாவது குழந்தை இதயக் கோளாறோடு பிறந்து பதினோரு நாள் இருந்தது. குரோமோசோமில் காரணம் இல்லை என்றதும் மாமியார் இசக்கியம்மாள் தானே ஒன்றைக் கண்டுபிடித்தாள்: மருமகள். மாலை ரயிலில் அவளை அனுப்புகிறார்கள். மகனுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது.

ஷரீஃப் பாய் அனுதாபத்தோடு தலையாட்டினார். ஆனால் பாராட்டையும் விட மனமில்லை. "தெளிவு சும்மாவா வந்துச்சு? அந்த ஆம்பள படத்துல ரெண்டு புழு தலைக்குத் தல ஒட்டிக்கினு இருந்துச்சு. பாக்கவே அசிங்கம். நடுவுல ஒரு கோடு இட்டு பிரிச்சு வுட்டேன்."

டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்தப் படத்துல?"

"அஞ்சுலயும்தான். ஒண்ணுல பண்ணிட்டு ஒண்ணுல வுட்டா நல்லாவா இருக்கும்?"

"ஒட்டியிருந்தா நாப்பத்தஞ்சு பாய். அதைத்தானே நான் தேடிட்டிருந்தேன். அந்த ஆளுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா பிள்ளைக்குப் பங்கு பிரியறப்ப ஒண்ணு கூடிப்போகும், இல்ல குறைஞ்சுபோகும்." டாக்டர் குரல் இறங்கியது. "நீங்க பிரிச்சது புழுவை மட்டும் இல்ல."

முப்பது வருஷத்தில் முதல் முறையாக ஷரீஃப் பாய் தன் கோடுகளைத் தானே டர்பன்டைன் பஞ்சால் அழித்தார். ஈரப் படத்தை விசிறிக்கொண்டே டாக்டரோடு ரிக்ஷாவில் தி. நகர் போய்ச் சேர்ந்தபோது, தங்கபுஷ்பம் எழும்பூருக்குக் கிளம்பி ஒரு மணி நேரமாகியிருந்தது.

"எம் மவனுக்கா? அவனுக்குச் சளி கூடப் பிடிச்சதில்ல. யாரு வே ஒட்டுனது?" என்றாள் இசக்கியம்மாள்.

"ஒட்டுனது நான் இல்லீங்க. பிரிச்சதுதான் நானு."

டாக்டர் சொல்லி முடித்ததும் மாணிக்கவாசகம் படத்தை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கினான். எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்ப்பதற்குள் இசக்கியம்மாள் கதவைச் சாத்திவிட்டாள்.

டாக்டர் அடுத்த மாதமே மதுரைக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு வருஷம் ஒரு சேதியும் இல்லை. தி. நகருக்குப் போனால் ஷரீஃப் பாய் அந்த ஜவுளிக்கடைக்கு எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்து நடப்பார்.

1976இல் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது.

"பாய் அவர்களுக்கு, தங்கபுஷ்பம் எழுதுவது. அன்றைக்கு ரயில் நகரும்போது இவர் ஓடிவந்து ஏறிவிட்டார். டிக்கெட் இல்லாமல் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார். இங்கேயே சின்னதாய்க் கடை வைத்திருக்கிறோம். மகனுக்கு ஏழு மாதம். மதுரையில் டாக்டரம்மா பார்த்தார்கள். அவனும் அப்பாவைப் போல நாற்பத்தைந்துதானாம், நன்றாக இருக்கிறான். அடுத்த மாதம் அத்தை எங்களோடு தங்க வருகிறார்கள். அதற்குள் இவருடைய அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டும்படி பெரிதாக்கி அனுப்பவும். ஒட்டியிருப்பது வாசலிலிருந்தே தெரிய வேண்டும்."

ஷரீஃப் பாய் ஷோகேஸில் இருந்ததிலேயே பெரிய கல்யாணப் படத்தை இறக்கினார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தங்கநிறச் சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.