ரோப்வே கேபிளில் இறங்கிய அம்மா

போன வாரம் எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்தது. வீட்டுக்கு வீடு மொட்டைமாடி வழியாகக் கறுப்பு வயரை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைத்தெருவிலிருந்து நான் திரும்பியபோது, என் மகன் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று, எதிர் வீட்டிலிருந்து வீசிய வயரை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கேபிள்காரர், “தம்பி தானாத்தாங்க வந்து உதவுச்சு” என்று சிரித்தார். கத்தியதில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்துக் கிணறுதான் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, எழுதிவிடுவது நல்லது.

கேபிள் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, சோற்றுத் தட்டின் முன்னால் கற்றேன். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எங்கள் தோட்டம். அப்பா லாரி ஓட்டினார். அவருக்குக் கேபிள் என்றால் கை பிரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போவது. சித்தப்பாவுக்கு மின்சார வேலை. அவருக்கு அது சேலம் டவுனில் மண்ணுக்கடியில் புதைக்கிற தடித்த கறுப்புக் குழல். அம்மாவின் அண்ணன், என் மாமா, மலையிலிருந்து தாதுக்கல் இறக்கும் ரோப்வேயில் வேலை பார்த்தார். எப்போதாவது வரும் ஜவுளி வியாபாரி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரும் தந்தியையும் கேபிள் என்பார். அவரை மட்டும் மூவரும் சேர்ந்து பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

“கரண்ட் போகாததெல்லாம் ஒரு கேபிளா? அது வெறும் கம்பி” என்பார் சித்தப்பா.

“ஏத்தத்துல பிரேக் கேபிள் அறுந்தா உன்ற கரண்டா வந்து வண்டியப் புடிக்கும்?” என்பார் அப்பா.

மாமா ரசத்தை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருப்பார். “உங்களுதெல்லாம் நூலு மாப்ள. எங்க கேபிள்லதான் மலையே எறங்கி வருது.”

இதற்குமேல் பேச்சு போகாது. மலையோடு யார் போட்டி போடுவது? அம்மா அடுத்த கரண்டிச் சோற்றைப் போடுவாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்த ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. கரும்பு தோகை காய்ந்து நின்றது. ஆழப்படுத்த ஆட்கள் வந்தார்கள். கிணற்று மேட்டில் இரும்புக் கால்களை நட்டு, நான்கு பேர் பிடியைச் சுற்றி ஏற்றியிறக்கும் கிரேனை நிறுத்தினார்கள். பாறைக்கு வெடி வைப்பார்கள். உடைந்த கல் இரும்புத் தொட்டியில் மேலே வரும். அதே தொட்டியில்தான் ஆட்களும் இறங்கி ஏறுவார்கள். வேலை பாதி நடக்கையில் அவர்களுடைய கம்பிக் கயிறு தேய்ந்துபோனது. புதிது வாங்குவதைப் பற்றி அப்பா யோசிக்கத் தொடங்கியபோது மாமா குறுக்கே கையை நீட்டினார். ரோப்வேயில் மாற்றிப் போட்ட கேபிள் சும்மா கிடக்கிறது, மலையைச் சுமந்தது உங்கள் கல்லைச் சுமக்காதா என்றார். மறு வாரமே மாட்டுவண்டியில் அது வந்து இறங்கியது. கிரீஸ் பூசி, மலைப்பாம்பு போலச் சுருண்டிருந்தது.

கிணற்று ஆட்களின் மேஸ்திரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். கிரேனில் மாட்டினார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“ஏனுங்க மொதலாளி, கயிறு எங்களுதுன்னா மொதத் தொட்டில நாந்தான் எறங்குவேனுங்க. இது உங்களுது. உங்க ஊட்டு ஆளு ஒருத்தரு எறங்கி ஏறட்டுமுங்க. அப்பறம் எங்காளுங்க எறங்குவாங்க. எங்க வழக்கமுங்க அது.”

அப்பாவுக்கு லாரியின் கை பிரேக் கேபிள் தளர்ந்திருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது; அதை முடுக்காமல் வேறு வேலை ஓடாது என்றார். சித்தப்பா, “நான் கம்பத்துல ஏறுறவன், கெணத்துல எறங்குறவன் இல்ல” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். மாமாவோ கேபிளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதால் மேலே நின்று கவனிக்க வேண்டிய பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது.

“சாமி, தொட்டில போறியா? ஊஞ்சலாட்டம் இருக்கும்.”

என்னை இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமா என்னைத் தூக்கித் தொட்டிக்குள் நிறுத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் தலையைச் சொறிந்தார். “ஊட்டு ஆளுன்னா புள்ளையவா சொன்னனுங்க?”

“ஏன், இவ பக்கத்து ஊட்டு ஆளா? எடையும் இல்ல. சுத்துங்கப்பா” என்றார் மாமா.

தொட்டி தரையை விட்டு ஒரு சாண் எழும்பி ஆடியது. உலகத்தில் அதைவிட உயரமான இடத்தில் நான் நின்றதில்லை. அப்போதுதான் அம்மா மோர்ச்சோற்றுக் குண்டாவோடு வரப்பில் வந்தாள். குண்டாவைக் கீழே வைத்தாள். ஓடிவரவில்லை, நேராக நடந்து வந்தாள்.

“எறக்குங்க.”

பிடியைச் சுற்றியவர்கள் இறக்கிவிட்டார்கள்; மேஸ்திரி தங்கள் வழக்கத்தை அவளுக்கும் சொன்னார். அவள் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கால் வைத்தாள்.

“ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா?” என்றார் அப்பா.

“கரும்பு காயுதல்லங்க? ஊட்டு ஆளு ஒருத்தரு எறங்கோணும்னா நான் எறங்குறேன்.”

“சும்மா வெளையாட்டுக்குத்தான்டி நிக்க வெச்சேன்” என்றார் மாமா.

அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. மேஸ்திரியிடம், “சுத்தச் சொல்லுங்க” என்றாள்.

சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கிரேன் முனகியது. அம்மா இரண்டு கைகளாலும் கேபிளைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். இறங்க இறங்கச் சின்னவளானாள். முகம் மட்டும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. தன் வெற்றியைக் காட்டத்தான் என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடிப்பாறையில் தொட்டி மோதும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி முனகல். அம்மா மேலே வந்து, தொட்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொன்னாள்:

“ரெண்டு எடத்துல பிரி உட்டுருக்குது. இதுல ஆளு எறங்கப்படாது.”

“மலையவே எறக்குன கேபிளு. உனக்கென்ன தெரியும்?”

“அப்ப நீங்க எறங்குங்கண்ணா.”

மாமா தொட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார். மேஸ்திரி கையிலிருந்த துண்டைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து, தொட்டியிலிருந்து மேல்நோக்கி உருவினார். பாதியில் துண்டு சிக்கியது. வலித்து இழுத்ததில் டர்ரென்று கிழிந்தது. உடைந்த கம்பி முனைகள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அவர் கிழிந்த துண்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அன்று வேலை நின்றது. மறுநாள் அப்பா சேலம் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்தார். கரும்பு பிழைத்தது.

ஆனால் அன்று எனக்கிருந்த துயரமெல்லாம் என் ஊஞ்சலைப் பற்றியது. அது எனக்கென்று கிடைத்தது. மாமா எனக்குத்தான் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் என்னை இறக்கிவிட்டு அம்மா தானே ஏறிக்கொண்டாள். போதாததற்கு மேலே வந்ததிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிடி வலித்தது. அப்பாவிடம் போய், “அம்மா கைய முறுக்குறாங்கப்பா” என்று அழுதேன். எப்போதும் என் பக்கம் பேசுகிறவர் அன்று கிழிந்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

நான் கையை உதறிக்கொண்டு கரும்புக் காட்டோரம் ஓடினேன். அம்மா கூப்பிடுவாள், திரும்பக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கூப்பிடவில்லை. அது இன்னும் கோபமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

ஆட்கள் சோற்றுக்குப் போய்விட்டிருந்தார்கள். அம்மா கல்குவியலின்மேல் தனியாக உட்கார்ந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். சுற்றிச் செருகினாள், அவிழ்ந்து விழுந்தது. மறுபடி சுற்றினாள், மறுபடி விழுந்தது. தினமும் பார்க்காமலே ஒரே சுற்றில் முடிகிறவள், தலைமுடியை இரண்டு கைகளிலும் அள்ளிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கேபிளின் கிரீஸ் ஒட்டியிருக்கிறது, அதனால் கை வழுக்குகிறது என்றுதான் அன்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.