முதலாளியின் திரீ நோட் திரீ

பாரிசில், லா சப்பலில் என் அலுவலகம் என்பது ஒரு மேசை, இரண்டு கதிரை, அடிக்கடி தாளை விழுங்கும் ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம். ஆட்கள் பிரெஞ்சுக் கடிதங்களைக் கொண்டு வருவார்கள். நான் வாசித்துச் சொல்லிப் பதில் எழுதிக் கொடுப்பேன், விண்ணப்பம் நிரப்புவேன், தேவைப்பட்டால் கூடப் போய் மொழிபெயர்ப்பேன். இருபத்தைந்து வருடமாக இதுதான் என் தொழில். பிரசவ அறையில் மொழிபெயர்த்திருக்கிறேன், விவாகரத்து வழக்கில் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு ஆள் துவக்கு வாங்குவதற்கு வாயாக இருந்தது ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஆள் என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எல்லாரும் முதலாளி என்பார்கள். அறுபதைத் தாண்டியவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பாரிசுக்கு வெளியே பொண்டியில் தனிவீடு. இந்த நாட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தும் அவருடைய பிரெஞ்சு விலை சொல்வதோடும் கடன் கேட்பவரைத் துரத்துவதோடும் நின்றுவிட்டது. கடையில் வேலை செய்பவர்களை நாய்க்குச் சொல்வதுபோல விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார். என்னை மட்டும் தங்கச்சி என்பார். நான் தேவைப்படும் ஆள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரு நீளத் துவக்கு, கடும் மண்ணிற மரம், கறுத்த இரும்பு.

"தங்கச்சி, இது திரீ நோட் திரீ. இங்கிலீசுக்காரன்ர பழைய ஆமித் துவக்கு. இஞ்சை சட்டப்படி வாங்கலாமாம். பப்பியே, கடுதாசி எல்லாம் நீங்கள்தான் பாக்கோணும்."

"என்னத்துக்கு அண்ணை உங்களுக்கு?"

"ஒரு ஆசை."

ஆசைப்பட ஆயிரம் பொருள் இருக்கிற நகரத்தில் இந்த ஆளுக்குப் பிடித்தது இதுதான். எங்கள் ஊர்களில் அந்தக் காலத்துப் பொலிஸ்காரர் தோளில் தொங்கியது அதே துவக்குத்தான். நான் மன்னார்ப் பக்கம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது பொலிஸ் நிலைய வாசலில் ஒருவன் அதை ஊன்றிக்கொண்டு, போகிற பெட்டைகளை எல்லாம் அளவெடுப்பான். அதைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவர ஒருவருக்கு ஆசை வரும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சட்டம் அவர் சொன்னதுபோலத்தான் இருந்தது. சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து லிசான்ஸ் என்ற உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்க இணையத்தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வேண்டும். மருத்துவர் அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு, மனச்சோர்வு உண்டா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "எனக்கேன் மனச்சோர்வு? எனக்கு ரெண்டு கடை இருக்கெண்டு சொல்லுங்கோ" என்றார் முதலாளி. மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

கழகம் பாரிசுக்கு வடக்கே, ரயில் போகாத ஒரு ஊரில், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி ஒன்றில் இருந்தது. ஞாயிறு காலை முதலாளியின் சாமான் ஏற்றும் வானில் போனோம். வான் முழுக்கக் கருவாட்டு மணம். அவர் கோட் சூட் போட்டிருந்தார்.

கழகத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். வெள்ளை மீசை, எலும்புக்கூடு மாதிரி உடம்பு. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் அவரே அரை மணி நேரம் பேசுவாராம். சுவரில் பழைய துவக்குகளின் படங்கள். இந்த மரம் எந்த நாட்டு வால்நட், அந்தக் குழல் எந்தத் தொழிற்சாலை என்று தாயின் நகையைக் காட்டுபவர்போல எனக்குக் காட்டினார். அந்தத் துவக்குகளால் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு முதலாளியைப் பார்த்துக் கேட்டார், இதற்கு முன் ஆயுதம் எதையாவது கையாண்டிருக்கிறீர்களா என்று.

நான் தமிழில் கேட்டேன். முதலாளி கதிரையில் நிமிர்ந்தார்.

"ரெண்டு வருசம் இயக்கத்தில இருந்தனான் எண்டு சொல்லுங்கோ. இந்தத் துவக்கெண்டா கண்ணைக் கட்டிக்கொண்டும் கழட்டிப் பூட்டுவன். பொறுப்பாளரா இருந்தனான் எண்டும் சொல்லுங்கோ."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பது தெரியாது. பெயர் எதுவும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் நிரப்பிய அகதி விண்ணப்பங்களில் அவருடையதும் ஒன்று. பதினெட்டு வயதில் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், துவக்கின் பின்பக்கத்தால் வலது காலில் குத்தினார்கள், பெருவிரல் நசுங்கிப் போனது என்று சொல்லியிருந்தார். அதன்பிறகு கொழும்பில் மாமாவின் கடையில் வேலை. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை. சொல்லும்போது அழுதார். அந்தக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் எல்லாரும் அழுதார்கள். பொலிஸ் நிலையக் கதையை நான் நம்பவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொழும்புக் கடையை மட்டும் நம்பினேன், ஏனென்றால் ஒரு மூட்டை பருப்பில் எவ்வளவு கல் இருக்கும் என்பதை இடையில் ஒரு தடவை சொன்னார்.

என் அண்ணன் இயக்கத்துக்குப் போனவன். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை, உடம்பும் வரவில்லை. அந்தச் சொல்லை இந்த ஆள் கருவாட்டு வானில் வந்து இறங்கி, ஒரு வெள்ளைக்காரனின் மேசையில் விசிட்டிங் கார்ட்போல எடுத்து வைக்கப் பார்க்கிறார்.

நான் தலைவரிடம் சொன்னேன், "இல்லை, ஐயா. ஒருபோதும் தொட்டதில்லை. சின்ன வயதில் ஊர்ப் பொலிஸ்காரரிடம் பார்த்திருக்கிறாராம்."

தலைவருக்குச் சந்தோஷம். தெரியாதவருக்குக் கற்பிப்பதுதான் சுலபம் என்றார். முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் வீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து முதலாளியும் நெஞ்சை நிமிர்த்திக் குலுக்கினார். இருபத்தைந்து வருடத்தில் நான் வேண்டுமென்றே பிழையாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சமும் வெட்கமாக இருக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார்.

"தங்கச்சி, ழமே எண்டு ஒரு சொல்லுச் சொன்னியள். அதென்ன?"

"ஒருபோதும் எண்டு அர்த்தம் அண்ணை. நீங்கள் ஒருபோதும் கட்டுப்பாடு மீறமாட்டியள் எண்டு சொன்னனான்."

"ஆ, நல்லாச் சொன்னியள்."

இரண்டு மாதம் கழித்து லிசான்ஸ் வந்தது. துவக்கு விற்கும் கடை வேறொரு சிறிய ஊரில், தேவாலயத்துக்கு எதிரே, ஒரு பக்கம் பேக்கரி, மறுபக்கம் பூக்கடை. கடைக்காரர் ஒரு தடித்த இளைஞர். உள்ளேயிருந்து துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்தார். பழைய கிரீஸ் மணந்தது. குழலைப் பாருங்கள் என்றார், உள்வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன என்றார், மூன்று இடத்தில் ஒரே இலக்கம் இருக்கிறது, கலப்படம் இல்லை என்றார். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.

முதலாளி எதையும் கேட்கவில்லை. குழலைப் பார்க்கவில்லை, இலக்கத்தைப் பார்க்கவில்லை. துவக்கைத் தூக்கித் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். தோளில் வைக்கும் அந்த அடிப்பகுதியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். விளிம்பில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். கடைக்காரர் குழலைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். முதலாளி தன்னை அறியாமல் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த விண்ணப்பத்தில் சொன்னது உண்மை என்று. இந்த மனிதனுக்கு நடந்த உண்மையான கதை ஒன்று இருக்கிறது. அதை அழுதுகொண்டு என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது அவர் அதை வெட்கப்பட்டு ஒளித்துவிட்டு, அதற்குப் பதிலாக அடுத்தவர்களின் பிள்ளைகள் செத்த கதையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அடி வாங்கினேன் என்று சொல்வது அவமானம், சுட்டேன் என்று சொல்வது பெருமை. அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. அதே வேகத்தில் போயும்விட்டது, ஏனென்றால் அவர் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, "இவனுக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி. நாங்கள் பிடிச்ச சாமானை எங்களுக்கே விளங்கப்படுத்திறான்" என்றார்.

சுட்ட நாள் ஏப்ரல் மாதத்து ஒரு ஞாயிறு. குழிக்குள் குளிர் அப்படியே நின்றது. நூறு மீட்டர் தூரத்தில் தாளில் ஒரு கறுத்த வட்டம். எல்லாருக்கும் காதுக்கு மூடி. தலைவர் பிரெஞ்சில் சொல்வதை ஒரு காதுமூடியைத் தூக்கிக் கேட்டு, முதலாளியின் காதுமூடியைத் தூக்கித் தமிழில் கத்த வேண்டும். இதைவிடக் கேவலமான மொழிபெயர்ப்பு வேலை எனக்கு வாய்த்ததில்லை. அத்தோடு அவர் தன் போனை என் கையில் தந்து, வீடியோ எடுக்கவும் சொல்லியிருந்தார்.

தலைவர் ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பக்கத்து இரும்புக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளிக் காட்டினார். துவக்கைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் கத்தினேன். "எனக்குத் தெரியும்" என்று முதலாளி கத்தினார்.

முதல் வெடி. காதுமூடியையும் தாண்டி நெஞ்சுக்குள் இடித்தது. துவக்கு அவரை ஒரு அடி பின்னால் தள்ளியது. வாய் திறந்தபடி நின்றார். தாளில் ஒன்றும் இல்லை.

இரண்டாவதும் இல்லை. திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்ததால் காரணம் எனக்குத் தெரிந்தது. விசையை இழுக்கும் முன்பே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார்.

"கண்ணை மூடாதேங்கோ அண்ணை!" என்று அந்தப் பிரெஞ்சுக் கற்குழிக்குள் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நான் மூடேல்லை!"

மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது தாளின் மூலையைக் கிழித்தது. துவக்கை மேசையில் வைத்துவிட்டு முதலாளி தோளைத் தடவினார். கையைக் கோட் பைக்குள் விட்டார். "இதின்ர குறி பிழை. வளைஞ்சு போச்சு. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். தலைவர் துவக்கை வாங்கி ஐந்து தோட்டாவைப் போட்டு, தேநீர் ஆறுவதற்குள் குடித்து முடிப்பவர்போல வேகமாகச் சுட்டார். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். துவக்கில் பிழை இல்லை என்றார். அந்த வசனத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு தலைவர் துவக்கை என் பக்கம் நீட்டினார். "மதாம், நீங்களும் சுட்டுப் பாருங்கள். உங்கள் நாட்டுக்காரருக்கு இது புதிதில்லையே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனதோடு சொன்னார் என்றே நினைக்கிறேன். வேண்டாம் என்றேன். எனக்குக் கை நோகிறது என்று பொய் சொன்னேன். ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தால் அந்தக் கருவாட்டு வானில் ஏறித் திரும்பி வர எனக்குத் தெம்பு இருந்திராது.

அந்த வீடியோவில் முகம் தெரியாத, பின்பக்கமாக எடுத்த துண்டை மட்டும் வெட்டி முதலாளி ஊருக்கும் கனடாவுக்கும் அனுப்பினார். கடையில் அரிசி வாங்க வருபவர்களுக்கும் காட்டினார். ஆண்கள் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் பிடிக்காமல் போகவில்லை. அதற்குப் பிறகு நான் அவரோடு போகவில்லை. தனியாகப் போகத் தொடங்கினார்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். மத்தியானம் சாப்பிட ஒரு உணவகத்துக்குப் போனேன். சன்னலோர மேசையில் முதலாளி, கழகத் தலைவர், இன்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர். நால்வருக்கும் முன்னால் கொத்துரொட்டி. தலைவர் என்னைக் கண்டதும் எழுந்து கை தந்தார்.

"மதாம், உங்களோடு எனக்கொரு கோபம். எங்கள் கப்பித்தேன் யார் என்பதை நீங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. இரண்டு வருடம் போராளியாக இருந்த மனிதர்! அவரே தன் அரைகுறைப் பிரெஞ்சில், கொஞ்சம் கொஞ்சமாக, எங்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார். அன்றைக்கு உங்கள் மொழிபெயர்ப்பு சரியில்லை."

மற்ற இருவரும் முதலாளியை மரியாதையோடு பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற ஆளை ஒரு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கப்பித்தேன், ஒரு படைத்தலைவன். குழியில் ஞாயிறு தோறும் தாளைச் சுடும் மனிதர்களுக்கு ஆளைச் சுட்ட ஒருவன் பக்கத்தில் நின்றால் ஒரு சிலிர்ப்பு.

"மன்னிக்க வேண்டும் ஐயா, என் தமிழ் கொஞ்சம் பலவீனம்" என்றேன்.

முதலாளி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தமிழில் சொன்னார், "விடுங்கோ தங்கச்சி. உவையளுக்கு அதுதான் விருப்பம்."

அவர் சொன்னது சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாப்பாட்டைப் பொதியில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

போன மாதம் முதலாளி மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். போனில் இன்னொரு படம், ஜெர்மன்காரனின் பழைய துவக்கு. தலைவரே பார்த்துச் சொன்னாராம்.

"வேற ஆளைப் பாருங்கோ அண்ணை. நான் உது செய்யேல்லை."

"ஏன், நேரமில்லையோ?"

"நேரம் இருக்கு."

போனைப் பைக்குள் வைத்தார். "உங்களுக்கு என்னிலை எரிச்சல்."

"ஓம்" என்றேன்.

அவர் எழுந்து போனார். கதவைச் சாத்தாமல் போனதால் நான் எழுந்து சாத்த வேண்டியிருந்தது.