ஜெயசீலன் அண்ணனுக்கு ரெண்டு இன்ச் குறைவு

மூன்றரைக்கு அடக்க ஆராதனை. மூன்று மணிக்கு, நான் செய்த பெட்டியில் ஜெயசீலன் அண்ணன் கொள்ளவில்லை. முழங்கால் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கி வைத்த நாலு பேரும் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன், அதற்கப்புறம் ஊரெல்லாம் கதவு, ஜன்னல் செய்தவன் நான். வெட்கக்கேடு.

1. முதல் கட்டை

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் கூரைப்பாறை இறங்காமலிருக்க மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அண்ணன் தரைக்கும் கூரைக்கும் டேப் பிடித்து அளவைக் கூப்பிடுவார். நான் அதில் ரெண்டு இன்ச் குறைத்துக் கட்டையை வெட்டுவேன். அந்த ரெண்டு இன்ச் இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவோம்.

முதல் நாள் ஷிப்டில் இது எனக்குத் தெரியாது. கூப்பிட்ட அளவுக்கே வெட்டிவிட்டேன்.

"இன்னா வேல இது? ஆப்ப உன் தலையிலயா அடிக்கிறது?"

சுரங்க லிப்டான கேஜில் மேலே வந்து சேரும்வரை திட்டினார். அன்றைக்கே சாம்பியன் ரீப்ஸில் இருந்த அவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டார். சாப்பிடும்போதும் திட்டினார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நான் குறைக்காமல் வெட்டியதில்லை.

2. தட்டிப் பார்க்கிற விரல்

அப்படி எங்கள் குடும்பத்துக்குள் வந்தவர்தான், போகவே இல்லை. என் மனைவி டைபாய்டில் கிடந்தபோது பதினேழு நாள் கோரமண்டலில் இருந்த எங்கள் வீட்டுக்கு சைக்கிள் மிதித்துக் கஞ்சி கொண்டுவந்தார். கஞ்சியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நான் செய்த அலமாரியை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். "லூசா கீது" என்பார்.

என் மகள் கல்யாணத்தில் பந்தல் காலைத் தட்டினார். சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, "இன்னா வேல இது மோசஸ்? எறங்கிடும்பா" என்றார். அது பந்தல்காரன் போட்ட பந்தல்! என் மானம் போனது. ஆனால் அவர் வராத ஞாயிற்றுக்கிழமையில் கறிச்சோறு தொண்டையில் இறங்காது. அதுவும் ஒரு எரிச்சல்.

3. ஆறடி

போன மாசம் மூச்சு முட்டிப் படுத்தார். நான் பார்க்கப் போனபோது, "கடைப் பொட்டி வேணாம். நீ செய்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகச் செய்ததற்குக் கணக்கில்லை. என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"இன்னாண்ணா பேச்சு இது?"

"எழுதிக்கடா."

ரோஸ் அண்ணியை டேப் பிடிக்க வைத்து, படுத்தபடியே அளவைக் கூப்பிட்டார். "உள்ளளவு ஆறடி. பாத்து வெட்டு."

அவர் போன அன்று சில்வர் ஓக் பலகையை எடுத்துப் போட்டேன். கண்ணீரில் கோடு சரியாகத் தெரியவில்லை. ஆனால் கை தடுமாறவில்லை. அவர் கூப்பிட்ட அளவாயிற்றே, பழக்கதோஷத்தில் ரெண்டு இன்ச் குறைத்து வெட்டியது.

செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு வந்தது. உலகத்தில் உள்ளதற்கெல்லாம் வாய் ஓயாமல் சொன்னவர், "பொட்டிக்கு ஆப்பு கெடையாதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ராபர்ட்சன்பேட்டைல ரெடிமேட் கீது, ஆட்டோல எடுத்தாந்துடலாம்" என்றார் ஒருவர். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் சாயங்கால ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் கேட்ட அந்த ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்று ஆகப்போகிறது.

நான் அண்ணி முகத்தைப் பார்த்தேன். "உன் பொட்டிலதான் போவேன்னாரு. சீக்கிரம் பண்ணு" என்றார்.

அண்ணனைத் திரும்பக் கட்டிலில் கிடத்தினோம். பக்கப்பலகைகளுக்கு உள்ளே பொருத்தியிருந்த தலைப்பலகையையும் கால்பலகையையும் கழற்றினேன். வெளியே வைத்து அடித்தேன். பலகை ஒரு இன்ச் கனம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆறடி ஆயிற்று. மறுபடி கிடத்தினோம். கால் நீட்டிப் படுத்தார்.

மூடியை நீட்ட மட்டும் பலகையும் இல்லை, நேரமும் இல்லை. ரெண்டு முனையிலும் ஒரு இன்ச் பலகைவிளிம்பு பல்லைக் காட்டியது.

அண்ணி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். விரலை மடக்கி மூடியை ரெண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னா வேல இது, மோசஸ்?"

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

இளைய தச்சர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். யார் கூப்பிட்ட அளவாக இருந்தாலும், வெட்டுவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள். டேப் அன்று என் சட்டைப்பையில்தான் இருந்தது. அண்ணனை அளக்க எனக்கு மனசு வரவில்லை.